மனிதர் எவரும் இல்லை

திண்டுக்கல்லில் பல் போனவர்கள் யாருக்கும் மங்கையர்க்கரசியைத் தெரியாது. ஆனால் அவர்களில் பாதிப் பேர் அவள் செய்து கொடுத்த பல்லால்தான் முறுக்குக் கடிக்கிறார்கள். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கும் அவளுடைய கூடத்தில் அது பல்லாக மாறித் திரும்பிப் போகும். அச்சை ஸ்கேனர் பெட்டிக்குள் வைத்துப் படம் பிடித்து, கம்ப்யூட்டர் திரையில் பல்லுக்கு உருவம் கொடுப்பது ஷகிலா. அந்த உருவத்தை மெஷினில் கடைந்தெடுப்பது பால்பாண்டி. நிறம் சரியா, கடி சரியா என்று பார்த்து அனுப்புவது அரசி. பொய்ப் பல் செய்கிறாளே தவிர ஒரு பொய் சொல்ல வராது என்று டாக்டர்கள் அவளைக் கேலி செய்வார்கள்.

கூடத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று எழுந்தால் இன்னொன்று படுக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பத்து வருடமாக இருதயராஜ் வந்துகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு, "சாப்டியாம்மா?" என்பார். பிறகு கம்ப்யூட்டரின் முதுகைத் தட்டி, "ஏன்டா பிள்ளையப் படுத்துற?" என்பார். அரை மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் எடுப்பார். அதில் இரண்டு டீயும், அவர் மனைவி ஸ்டெல்லாவின் முழங்கால் வலியும், மற்ற கடைகளின் கம்ப்யூட்டர்கள் செய்த அட்டகாசங்களும் அடக்கம்.

அரசிக்கு அவர்மேல் பிரியம் உண்டு. ஆனால் செலவு என்று வந்தால் அவளுக்குத் தாய் பிள்ளை கிடையாது. ஆறு மாதத்தில் இரண்டு டாக்டர்கள் மதுரைக் கூடங்களுக்கு மாறிப் போனார்கள். எங்கே கை வைக்கலாம் என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோதுதான் 'சீர்மை' வந்தது.

சீர்மை ஒரு குரல். கம்ப்யூட்டர் பழுதானால் போனில் கூப்பிட வேண்டும். அது கேட்கும், உள்ளே புகுந்து பார்க்கும், சரி செய்யும். செலவு முன்பு ஆனதில் பத்தில் ஒரு பங்கு. நோயாளிகளின் விவரம் வெளியாள் கண்ணில் படக் கூடாது என்று புதுச் சட்டம் வேறு வந்திருந்தது. விற்க வந்தவன் அதையும் சேர்த்துச் சொன்னான். "மனிதக் கண் படாது, மனிதக் காது கேக்காது மேடம். முழுக்க மெஷின்."

இருதயராஜிடம் அதைச் சொன்ன நாளில் அரசி சுற்றி வளைத்தாள். அவரே எடுத்துக் கொடுத்தார்.

"மிச்சமாகுதுன்னா விட்றாதம்மா. நீ நல்லா இருந்தாத்தான நாலு பேரு நல்லா இருப்பாங்க."

ஷகிலாவைக் கூப்பிட்டு எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த வயர் இளகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த மாதம் அரசி, சிறுதொழில் சங்கத்து வாட்ஸப் குழுவில் தன் சேமிப்பைப் பெருமையாகப் போட்டாள். கைதட்டல் குவிந்தது. அச்சகம், ரத்தப் பரிசோதனைக் கூடம், பூட்டுக் கடை என்று வரிசையாக எல்லோரும் சீர்மைக்கு மாறினார்கள். அத்தனையும் இருதயராஜின் கடைகள். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

சீர்மை குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தது. செய்தி வாசிப்பவர் குரலில், "மின் இணைப்பை உறுதி செய்தீர்களா, வாடிக்கையாளரே?" என்று கேட்கும். கூப்பிட்டதும் சில நேரம் ஒரு சின்ன மௌனம் வரும். "யோசிக்குதுக்கா," என்பான் பால்பாண்டி. மெஷின்தானே என்று அதை அவன் வாய்க்கு வந்தபடி ஏசுவான். "டேய் சீரு, எந்திரிடா! தண்டச்சோறு!" என்றால், "தங்கள் பொறுமைக்கு நன்றி, வாடிக்கையாளரே," என்று பதில் வரும். எல்லோரும் சிரிப்பார்கள், அரசியும்தான்.

ஆயுத பூஜை வந்தது. கூடம் கழுவி, பல் கடையும் மெஷினுக்கு மாலை போட்டு, பொரியும் சுண்டலும் படைத்தார்கள். மறுநாள் வேலை தொடங்கிய ஒரு மணி நேரத்தில் ஷகிலா கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வாங்களேன். இந்தத் தாடையில ஒரு கட்டி இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும், டாக்டர்ட்ட கேப்போம்."

"அடுத்த தாடையிலயும் இருக்குக்கா. அதே எடத்துல."

பதினோரு அச்சுகள், பதினோரு வெவ்வேறு வாய்கள். அத்தனையிலும் இடது பக்கம் ஒரே போல் ஒரு குமிழ். அன்று மாலைக்குள் போக வேண்டியவை அவை. அதில் ஒரு செட், மறுநாள் முகூர்த்தத்துக்கு உட்காரப் போகும் கல்யாணப் பெண்ணுடைய முன்பற்கள். அரசி சீர்மையைக் கூப்பிட்டாள்.

வழக்கமான கேள்விகள் வந்தன. இணைப்பு, நினைவகம், மென்பொருள். எல்லாம் சரியாகவே இருந்தது. அப்புறம் ஒரு மௌனம்.

"வாடிக்கையாளரே, நேற்று ஆயுத பூஜை. கணினிகளுக்குப் பொட்டு வைத்தவர் யார்?"

அரசி பால்பாண்டியைப் பார்த்தாள். அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "நான்தான் வச்சேன். எல்லாத்துக்கும் பக்தியா வச்சேன்."

"ஸ்கேனரின் கதவைத் திறந்து உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் வைத்தாரா?"

"ஆமா. அதுக்குக் கண்ணு அங்கதான இருக்கு? வெளிய தகரத்துல வச்சா சாமிக்கு எப்படித் தெரியும்?"

ஷகிலா தலையில் அடித்துக்கொண்டாள். கதவைத் திறந்து பார்த்தால், கண்ணாடியின் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அழகாக உட்கார்ந்திருந்தது. பதினோரு பேர் வாயிலும் சாமி பொட்டு வைத்திருந்தார்.

"ஈரத்துணி வேண்டாம், கீறல் விழும்," என்றது குரல். "உங்கள் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பின்பக்கம், ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கும். அதற்குள் உள்ள துணியால் துடையுங்கள்."

அரசி இழுப்பறையைத் திறந்தாள். ரசீதுப் புத்தகங்களுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு கூடு இருந்தது. அதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. மேசையைப் பார்க்கும் கேமரா எதுவும் கூடத்தில் கிடையாது.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இருதயராஜ் வருவார். மேட்டுப்பட்டி மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு நேராக வந்து, "கம்ப்யூட்டருக்கு மட்டும் நான்தான் பொட்டு வைப்பேன்," என்று சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொள்வார். வேதக்காரருக்கு இதில் என்ன ஆசை என்று எல்லோரும் சிரிப்பார்கள். அது ஆசையில்லை, கண்ணாடிக்குக் காவல் என்பது பத்து வருடம் கழித்து இப்போது அவளுக்குப் புரிந்தது.

"அண்ணே?" என்றாள், மெதுவாக.

நெடுநேரம் சத்தமே இல்லை.

"இந்தச் சேவையில் மனிதர் எவரும் இல்லை, வாடிக்கையாளரே."

அன்று பற்கள் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சாயங்காலம் அரசி பொரியையும் சுண்டலையும் பொட்டலம் கட்டிக்கொண்டு மேட்டுப்பட்டியில் இருந்த இருதயராஜ் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த ஸ்டெல்லா அவளைப் பார்த்ததும் வெளுத்துப் போனாள். உள்ளறையிலிருந்து அந்தப் பழைய குரல் கேட்டது.

"ஏப்பா, எண்ணெக் கையோட கீபோர்டத் தொடாதன்னு எத்தன தடவ சொல்றது ஒனக்கு?"

அரசி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். இருதயராஜ் காதில் ஹெட்போன் மாட்டியபடி ஒரு திரைமுன் உட்கார்ந்திருந்தார். இடது கால் நீட்டி ஸ்டூல்மேல் கிடந்தது. அவர் சொன்னது திரையில் எழுத்தாக ஓடி, அதற்குக் கீழே வேறொன்றாக மாறியது: 'விசைப்பலகையைத் தூய கைகளால் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறோம், வாடிக்கையாளரே.'

அழைப்பு முடிந்ததும் திரும்பினார். அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. களவு செய்து பிடிபட்டவர் போல ஒரு சிரிப்பு சிரித்தார்.

"ஒன்னால அந்தக் கண்ணாடிக் கூட்டச் சொல்லாம இருக்க முடியல, பாத்தியா," என்றார் தனக்குத் தானே. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

"என்னண்ணே இது?"

"வேலைதான். முக்காவாசி அந்த மெஷினே பாத்துக்கும்மா. பாஸ்வேர்டு மறந்தது, இங்க் தீந்தது, இந்த மாதிரி. அதுக்குப் பிடிபடாதத எங்களுக்குத் தள்ளிவிட்ரும். ஊர் ஊரா இருக்கோம். எல்லாம் என்னைய மாதிரி கடை போன ஆளுங்க. நாங்க பேசுறத அது தமிழாக்கிச் சொல்லும்."

"மனுஷக் காது கேக்காதுன்னு சொன்னான்?"

"விக்கிறவன் வேற எப்படிச் சொல்லுவான்?"

அரசிக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை நோயாளிகளின் பெயரும் வாயும் அந்தத் திரை வழியாகப் போயிருக்கும்! "இது ஏமாத்துண்ணே. சும்மா விடக் கூடாது."

"விடாத. ஞாயந்தான்." அவர் காலைக் கையால் தூக்கிக் கீழே வைத்தார். "ஆனா நீ கல்லெறிஞ்சா மொதல்ல அது என் மண்டையிலதாம்மா விழும். மனுஷன்னு ஒரு வாடிக்கையாளருக்குத் தெரிஞ்சாப் போதும், அந்த ஆளத் தூக்கிருவாங்க. மெஷினக் கொஞ்சம் மாத்திட்டோம்னு சொல்லிட்டுக் கம்பெனி நடக்கும்."

"காலுக்கு என்ன?"

பதில் ஸ்டெல்லாவிடமிருந்து வந்தது. "கடையெல்லாம் போன பெறகு பார்சல் கொண்டுபோற வேலைக்குப் போனாரு. மழையில வண்டி சறுக்கிருச்சு. உள்ள கம்பி வச்சிருக்கு."

கடையெல்லாம் போன பிறகு. அரசிக்கு வாட்ஸப் குழுவின் கைதட்டல்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. உட்கார்ந்தாள். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"வந்துருங்கண்ணே. பழையபடி வந்துருங்க."

"ஒங் கடைக்கு எத்தன படி தெரியுமா? பதினெட்டு. நான் எங்க ஏற?" சிரித்தார். "விடும்மா. இதுவும் நல்லாத்தான் இருக்கு. நம்மூர்லருந்து அது தள்ளிவிடுற போனெல்லாம் எங்கிட்டத்தான் வரும். ஒங்க கூடம் கூப்பிட்டா எனக்குத் தெரிஞ்சுரும். ஷகிலாவுக்குப் பிள்ள பொறந்தது, பாண்டிக்குப் பொண்ணு பாக்குறது, எல்லாம் காதுல விழும். விசாரிக்கத்தான் முடியாது. எடுத்த ஒடன 'சாப்டியாம்மா'ன்னு வாயில வந்துருது. வேலைக்குச் சம்பந்தம் இல்லாத பேச்ச மெஷினு முழுங்கிரும். தெனமும் கேக்குறேன், அது தெனமும் முழுங்குது."

அந்தச் சின்ன மௌனம்! யோசிக்கிறது என்று பாண்டி சொன்ன மௌனம். அரசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஸ்டெல்லா பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், மூன்று தட்டுகளில் சுண்டல் போட்டுக் கொண்டுவந்தாள்.

மறுநாள் பால்பாண்டி, "டேய் சீரு," என்று தொடங்கியபோது அரசி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மரியாதையாப் பேசு."

"மெஷினுக்கா?"

"எதுக்கா இருந்தாலும்."

அன்றிலிருந்து எல்லா அழைப்பையும் அவளே எடுத்தாள். கூப்பிட்டதும் மௌனம் வரும். அது முடியும் வரை காத்திருந்து, "சாப்பிட்டாச்சு," என்பாள், காற்றைப் பார்த்து. சில நாள், "இட்லி. நேத்து வச்ச மீன் கொழம்பு," என்றும் சேர்த்துக்கொள்வாள். எதிர்முனையில், "உங்கள் குறையைத் தெரிவியுங்கள், வாடிக்கையாளரே," என்று குரல் வரும். செலவைக் குறைக்கப் போய் அக்காவுக்குப் புத்தி குறைந்துவிட்டது என்று பாண்டி ஷகிலாவிடம் சொன்னான்.

கார்த்திகையில் ஸ்டெல்லாவின் போனிலிருந்து இருதயராஜ் பேசினார். குரல் இறங்கிக் கிடந்தது.

"கரூர்ல யாரோ எழுதிப் போட்டுட்டாங்களாம்மா, பேசுறது ஆள் மாதிரி இருக்குன்னு. எல்லா வாடிக்கையாளரையும் கூப்பிட்டு விசாரிக்கப் போறாங்க. என் பேருக்கு நேரா மொதல்ல ஒங்க கூடந்தான் இருக்கு. நாளைக்குப் போன் வரும்."

"யாருண்ணே பேசுவாங்க?"

"அதுவும் மெஷினுதான். தணிக்கை மெஷின். பொய் சொன்னா கண்டுபிடிச்சிருமாம். கொரல்ல லேசா நடுக்கம் இருந்தாக்கூடப் பதிஞ்சுக்கும். நீ பொய் சொல்ல வேண்டாம்மா. ஒனக்கு வராது. எனக்காகப் பழகிக்கிறவும் வேண்டாம். கேட்டா உண்மையச் சொல்லிரு, நான் வேற பாத்துக்கிறேன்."

அந்தக் காலை வைத்துக்கொண்டு வேறு என்ன பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? அன்றைக்கு முழுவதும் அரசி வேலை செய்துகொண்டே வாய்க்குள் முனகினாள். "இல்லைங்க, மெஷின்தான். இல்லைங்க, மெஷின்தான்." நாற்பத்தாறு வயதில் பொய் சொல்லப் பழகுவது, அந்த வயதில் நீச்சல் பழகுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. அரசி ஸ்பீக்கரில் போட்டாள். ஷகிலாவும் பாண்டியும் பக்கத்திலேயே இருந்தார்கள். இந்த முறை பெண் குரல். அதே செய்தி வாசிக்கும் தமிழ்.

"வணக்கம், வாடிக்கையாளரே. இது தானியங்கித் தணிக்கை அழைப்பு. இந்த உரையாடல் முழுவதும் பதிவு செய்யப்படுகிறது. சேவை உங்களுக்குத் திருப்தியாக உள்ளதா?"

"உள்ளதுங்க." அவளுக்கே தமிழ் மாறிப் போனது.

"பழுதுகள் உரிய நேரத்தில் சரி செய்யப்படுகின்றனவா?"

"ஆமாங்க."

"இறுதிக் கேள்வி. எங்கள் சேவையின் மறுமுனையில் மனிதர் எவரேனும் இருப்பதாக உங்களுக்கு எப்போதாவது—"

விசில் அடித்தது.

அரசி திரும்பிப் பார்த்தாள். ஷகிலாவும் பார்த்தாள். கூடத்தில் எங்கிருந்தும் வரவில்லை. சத்தம் போனுக்குள்ளிருந்து வந்தது. நல்ல, முழு, ஐந்து லிட்டர் குக்கரின் விசில். குரலை மாற்றத் தெரிந்த மெஷினுக்குக் குக்கரை என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது.

தணிக்கைக் குரல் அப்படியே நின்றுவிட்டது.

"மன்னிக்கவும், வாடிக்கையாளரே. கேள்வியை மீண்டும்..."

இரண்டாவது விசில். அரசி கண்ணை மூடினாள். எந்த ஊரோ, எந்தத் தெருவோ. ஒரு பெண் காதில் மாட்டிக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல், அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கிறது. அவளும் யாருக்கும் தெரியக் கூடாதவள்.

மூன்றாவது விசில்.

"ஐயோ, கொஞ்சம் இருங்க!" என்றாள் அரசி, வேண்டுமென்றே சத்தமாக. "அது என் குக்கருங்க. இங்கதான் அடுப்புல வச்சிருக்கேன், மறந்தே போச்சு. போய் எறக்கி வச்சுட்டு வந்துர்றேன். ரெண்டு நிமிஷம் ஆகும். நீங்க லைன்லயே இருங்க."

போனை மேசைமேல் வைத்தாள். அந்தக் கூடத்தில் அடுப்பு என்று சொல்ல, மெழுகு உருக்கும் ஸ்பிரிட் விளக்குதான் உண்டு.

"எந்தக் குக்க..." என்று தொடங்கிய பால்பாண்டியின் வாயை ஷகிலா பொத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

போனுக்குள் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ ஓடும் கொலுசுச் சத்தம் கேட்டது. நான்காவது விசில் பாதியில் அடங்கியது. அரசி அசையாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் ஆனது. பிள்ளை ஏதாவது பசிக்கு அழும், அதற்கும் ஒரு வாய் கொடுக்கட்டும் என்று இன்னும் ஒரு நிமிடம் விட்டாள். பிறகு எடுத்தாள்.

"எறக்கியாச்சுங்க. கேளுங்க."

எதிர்முனையில் ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குள் என்ன இருக்கும் என்று அரசிக்கு இப்போது தெரியும். ஏதோ ஒரு சொல்லை மெஷின் முழுங்கிக்கொண்டிருந்தது.

"பரவால்லங்க," என்றாள் அதற்கு.

"எங்கள் சேவையின் மறுமுனையில் மனிதர் எவரேனும் இருப்பதாக உங்களுக்கு எப்போதாவது தோன்றியதுண்டா, வாடிக்கையாளரே?"

பழகி வைத்திருந்ததெல்லாம் மறந்து போயிற்று. கண்ணீர் கன்னத்தில் இறங்கி வாயோரம் கரித்தது. உதடு துடித்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக ஆடியது.

"இல்லங்க," என்றாள் அரசி. "ஒருத்தர்... ஒருத்தர்கூட இல்லங்க."

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல், மாறாத அதே செய்தித் தமிழில் சொன்னது:

"நன்றி, வாடிக்கையாளரே. உங்கள் குரலில் நடுக்கம் எதுவும் இல்லை என்று பதிவு செய்துகொள்கிறேன்."